கூடத்துத் தொடுதிரைக் கணினி: பழையதைப் பிரித்துச் சரிசெய்த பதிவு

வீட்டில் ஆளுக்கொரு கைபேசி இருக்கும்போது பொதுக் கணினி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கைபேசியில் பார்ப்பது ஒருவர் பார்ப்பது. பிள்ளையின் பாடத்தில் வரும் படத்தைப் பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, வெளியூரில் இருக்கும் சித்தியோடு குடும்பமே சேர்ந்து வீடியோவில் பேச, கூடத்தில் ஒரு பெரிய திரை வேண்டும். அதற்காகத்தான், சொந்தக்காரர் ஒருவர் ஒதுக்கிவைத்திருந்த 23 அங்குலத் தொடுதிரை ஆல்-இன்-ஒன் கணினியை (திரைக்குள்ளேயே கணினி அடங்கியது) வாங்கிவந்து பிரித்தேன்.

நான்காம் தலைமுறை இன்டெல் கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. அவர் சொன்ன குறைகள் இவை: ஆன் செய்தால் எழுந்து வரவே நெடுநேரம் ஆகிறது, ஃபேன் ஓயாமல் இரைகிறது, தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல் டச் சில நேரம் வேலை செய்வதில்லை, சில நேரம் யாரும் தொடாமலே எதையாவது திறந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட கணினியைச் சரிசெய்யும்போது பலரும் முதலில் வேகத்தைத்தான் கவனிக்கிறார்கள். என் வரிசை வேறு. கூடத்தில் வைக்கும் கணினி தொட்டவுடன் விழிக்க வேண்டும், தொட்ட இடத்தில் தொட வேண்டும், சத்தம் போடக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் பழைய ஐ3 தாராளமாகப் போதும். இவை இல்லாவிட்டால் எவ்வளவு புதிய பிராசஸர் இருந்தாலும் வீட்டார் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கைபேசிக்கே திரும்பிவிடுவார்கள். குடும்பம் கூடும் இடத்துக்கென்றே தொடுதிரைக் கணினி என்பது 2007-இல் ஹெச்பி டச்ஸ்மார்ட் வந்ததிலிருந்து இருக்கும் எண்ணம்தான். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது பல நிறுவனங்கள் அதைப் பின்தொடர்ந்தன. அந்தக் காலத்து இயந்திரங்களில் திரை இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது, சுற்றியிருப்பவைதான் தளர்ந்துபோகின்றன.

பிரிப்பதற்கு முன்

டச் பழுது என்றதும் கண்ணாடியை மாற்றச் சொல்பவர்கள் அதிகம். அதற்கு முன் இது சாஃப்ட்வேரா, ஹார்டுவேரா என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். அதற்கு எளிய வழி, பென் டிரைவிலிருந்தே நேராக ஓடும் லினக்ஸைப் (லைவ் யூஎஸ்பி) போட்டு பூட் செய்வது. ஹார்டு டிஸ்க்கில் எதையும் தொடாமல் இயந்திரத்தை முழுதாகச் சோதித்துவிடலாம். விண்டோஸில் மட்டும் டச் சொதப்பி லினக்ஸில் ஒழுங்காக இருந்தால் டிரைவரையோ, மின்சேமிப்புக்காக யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் அமைப்பையோதான் சந்தேகிக்க வேண்டும். எனக்கு லினக்ஸிலும் அதே தொல்லை. ஆக, ஹார்டுவேர்தான்.

பெரும்பாலான ஆல்-இன்-ஒன்களில் டச் என்பது உள்ளுக்குள் ஒரு யூஎஸ்பி சாதனம். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சிறிய கன்ட்ரோலர் போர்டு இருக்கும். அதிலிருந்து மெல்லிய கேபிள் ஒன்று மதர்போர்டுக்குப் போகும். வெளியே நாம் செருகும் பென் டிரைவ் போலவே அதுவும் இணைவதும் துண்டிக்கப்படுவதும் கர்னல் பதிவில் (லினக்ஸின் மையநிரல் எழுதிவைக்கும் குறிப்பில்) வரிவரியாக விழும். அந்தப் பதிவை ஓடவிட்டுத் திரையை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தேன். சாய்க்கும் ஒவ்வொரு முறையும் டச் சாதனம் துண்டிக்கப்பட்டு மறுபடி இணைந்தது. சாய்க்காமல் வைத்திருந்தால் ஒரு வரிகூட வரவில்லை. கேபிள்தான் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

இன்னொரு குறை, தானாகத் தொடுவது, இதோடு ஒட்டவில்லை. அது திரையை அசைக்காதபோதும் வந்தது. அதுவும் வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும். விரல் படும் இடத்தில் புள்ளி காட்டும் சோதனை நிரலைத் திறந்துவைத்துப் பார்த்தால், யாரும் பக்கத்தில் இல்லாதபோதே அந்தப் பட்டையில் புள்ளிகள் மின்னி மின்னி மறைந்தன.

இந்த வகைக் கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. விரல் அருகில் வரும்போது அந்த இடத்தின் மின்தேக்கம் மிக மிகச் சிறிய அளவு மாறுகிறது. கன்ட்ரோலர் அந்த மாற்றத்தை அளந்து விரல் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறது. அளவு அவ்வளவு நுணுக்கமானது என்பதால், மின்வழங்கலில் இருந்து இரைச்சல் கலந்தாலும் அது விரலாகவே தெரியும். அடாப்டரைப் பார்த்தேன். மூன்று பின் கொண்ட பிளக்தான். ஆனால் அது செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் வயரில் எர்த் கம்பி இல்லை. எர்த் இல்லாத நிலையில் அடாப்டருக்குள் இருக்கும் வடிகட்டும் கபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் மாறுமின்னழுத்தம் கணினியின் உலோகச் சட்டம் வரை வந்து நிற்கும். புறங்கையால் சட்டத்தை லேசாகத் தடவினால் ஒரு மெல்லிய அதிர்வு உணர முடியும். அது இங்கே நன்றாகவே தெரிந்தது. உள்ளங்கையை அழுத்தமாகச் சட்டத்தின் மீது வைத்துக்கொண்டதும் திரையில் புள்ளிகள் குறைந்தன. எர்த் சரியாக உள்ள சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகியதும் சுத்தமாக நின்றுவிட்டன.

ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் பாதிப் பழுது தீர்ந்தது. தானாகத் தொடும் தொடுதிரை வைத்திருப்பவர்கள் கண்ணாடிக்கு விலை கேட்பதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்பதை ஓர் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: இன்னும் பழைய, திரையைச் சுற்றிச் சட்டம் மேடாக நிற்கும் மாடல்களில் தொழில்நுட்பமே வேறு. அங்கே மூலைகளில் இருக்கும் அகச்சிவப்புக் கேமராக்கள்தான் விரலைப் பார்க்கின்றன. அவற்றில் இப்படித் தானாகத் தொடும் தொல்லை வந்தால் பெரும்பாலும் மூலையில் ஒட்டிய தூசியோ, நேராக விழும் வெயிலோதான் காரணம். பஞ்சுக் குச்சியால் மூலைகளைத் துடைத்தாலே போதும்.

உள்ளே

அடாப்டரைக் கழற்றி, பவர் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, மேசையில் கனமான போர்வையை மடித்துப் போட்டுத் திரையைக் குப்புறக் கிடத்தினேன். ஸ்டாண்டைக் கழற்றியதும்தான் பாதி ஸ்க்ரூக்கள் கண்ணில் படும். ஒன்றிரண்டு ரப்பர் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். எல்லா ஸ்க்ரூவும் எடுத்த பிறகும் பின்மூடி வராது. சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் கவ்விக்கொண்டிருக்கும். இரும்பு ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பாதீர்கள். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் நுழைத்து ஓரமாகவே இழுத்துக்கொண்டு போனால் கொக்கிகள் 'டக் டக்' என்று ஒவ்வொன்றாக விடும். அவசரப்படாமல் செய்தால் ஒன்றுகூட உடையாது.

டச் கேபிள் கண்ணில் பட்டதும் காரணம் விளங்கியது. முன்பு யாரோ திறந்து மூடியபோது அதை ஸ்டாண்டின் தகட்டுக்கு மேலாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். திரையைச் சாய்க்கும்போதெல்லாம் தகடு கேபிளை இழுக்க, மதர்போர்டுப் பக்கக் கனெக்டர் பாதி வெளியே வந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கேபிளின் மேலுறையில் தகடு பட்ட இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. உள்கம்பி வெளியே தெரியவில்லை. கனெக்டரைக் கழற்றி, ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நேராக அழுத்திச் செருகினேன். தேய்ந்த இடத்தில் கேப்டான் (Kapton) எனும் வெப்பம் தாங்கும் காப்பு டேப் சுற்றி, கேபிளைத் தகட்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தின் வழியே கொண்டுபோனேன். அந்தப் பள்ளம் அதற்காகவே செய்யப்பட்டதுதான். மூடுவதற்கு முன் ஸ்டாண்டைத் தற்காலிகமாக மாட்டி, திரையைப் பலமுறை சாய்த்துப் பார்த்தேன். கேபிள் அசையவில்லை.

அப்புறம் ஃபேன். காற்று வெளியேறும் செம்புத் தகடுகளுக்கு முன்னால் தூசி ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்து கிடந்தது. இதை வெளியிலிருந்து ஊதினால் உள்ளுக்குள்தான் போகும். ஃபேனைக் கழற்றி, படிந்ததைச் சாமணத்தால் மொத்தமாக உரித்து எடுக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது, அதைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். சும்மா இருக்கும்போது 60 டிகிரிக்கு மேல் நின்ற வெப்பம் 40-ஐ ஒட்டி இறங்கியது. ஃபேன் சத்தம் இப்போது காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கிறது.

ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி போட்டது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்தப் பழைய கணினிக்கும் அதுதான் மிகப் பெரிய வித்தியாசம், இங்கேயும் அப்படித்தான். கூடுதல் லாபம், சத்தமும் அதிர்வும் போய்விடுகின்றன. ரேம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் தலைமுறை ஆல்-இன்-ஒன்கள் பலவும் லேப்டாப்புக்குரிய சிறிய ரேம்தான் எடுக்கும், அதிலும் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். சாதாரண 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் திரையே வராமல் போகலாம். 8 ஜிபி ஒற்றையாகப் போடுவதைவிட 4 ஜிபி இரண்டாகப் போட்டேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் படம் காட்டுவதற்கும் இதே ரேம்தான். இரண்டு சேனலில் ஓடினால் அதற்குக் கை கொடுக்கும்.

தேதி மாறும் தொல்லைக்குக் காரணம், மதர்போர்டின் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி. 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டரில் 2-ஐக்கூடத் தாண்டவில்லை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி ஒவ்வொரு பக்கத்திலும் எச்சரிக்கும். "இன்டர்நெட் வேலை செய்யவில்லை" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததற்குப் பல நாள் இதுதான் காரணமாக இருந்திருக்கிறது.

எந்த ஓஎஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். குறுக்கு வழியில் ஏற்ற முடியும்தான். ஆனால் வீட்டில் எல்லோரும் தொடும் கணினியில், அடுத்த அப்டேட் வருமா வராதா என்ற கேள்வியை வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. லினக்ஸ் வகையான உபுண்டு 24.04 போட்டேன். 2029 வரை ஆதரவு உண்டு.

லினக்ஸில் தொடுதிரை சரிவராது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எக்ஸ்11 எனும் பழைய திரைக்காட்சி அமைப்பில் பார்த்தவர்கள். அங்கே விரலால் இழுத்தால் பக்கம் நகராமல் எழுத்து நீலமாகத் தேர்வாகும். அதற்குப் பதிலாக வந்த வேலண்ட் சூழலில், உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டாப் அப்படி இல்லை. விரலால் இழுத்தால் நகர்கிறது, இரண்டு விரலால் படம் பெரிதாகிறது, கீழ் ஓரத்திலிருந்து மேலே இழுத்தால் திரை விசைப்பலகை வருகிறது. உள்நுழையும் திரையில் வேலண்ட்தான் தேர்வாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. 23 அங்குலத்தில் 1920 × 1080 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.265 மில்லிமீட்டர். 24 புள்ளி உயரமுள்ள ஒரு பொத்தான் வெறும் 6.4 மில்லிமீட்டர்தான் வரும். மவுஸுக்கு அது போதும், விரலுக்குப் போதாது. ஆண்ட்ராய்டு தன் பொத்தான்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு சுமார் 9 மில்லிமீட்டர். அளவை 150 சதவீதமாக வைத்தால் அதே பொத்தான் 9.5 மில்லிமீட்டராகிறது. திரையில் தெரியும் விஷயம் குறையும்தான். ஆனால் என் அம்மா குறிவைத்துத் தொட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. கண்ணாடி தேடாமல் படிக்கவும் முடிகிறது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் அவர் தானாகவே வந்து உட்காரத் தொடங்கினார்.

வீடியோவில் ஒரு சிக்கல் இருந்தது. நான்காம் தலைமுறை இன்டெல்லின் கிராஃபிக்ஸ், எச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்ட வீடியோவைத் தானே பிரித்துக் காட்டும். விபி9, ஏவி1 என்ற புதிய சுருக்க முறைகளுக்கு அதில் முழுமையான வழியில்லை. யூடியூப் இப்போது இவற்றைத்தான் முதலில் அனுப்புகிறது. அப்போது சுமை முழுதும் பிராசஸர் மேல் விழும், ஃபேன் இரையத் தொடங்கும். எச்.264 மட்டும் கேட்கும்படி செய்யும் உலாவி நீட்சி ஒன்றைப் போட்டதும் அடங்கியது. அந்த வகையில் யூடியூப் 1080 வரைதான் தருகிறது. திரையும் அவ்வளவுதான் என்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

தொட்டவுடன் விழிப்பது

சஸ்பெண்ட் ஆன (தூங்கவைக்கப்பட்ட) கணினி, தொட்டால் எழாது. அந்த நிலையில் டச் கன்ட்ரோலருக்கே பெரும்பாலும் மின்சாரம் போவதில்லை. பவர் பொத்தானைத் தேடி அழுத்த வேண்டும். அது பல ஆல்-இன்-ஒன்களில் திரைக்கு அடியிலோ பின்னாலோ இருக்கும். இந்தச் சின்னத் தடையே போதும், ஆட்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள். அதனால் பகலில் சஸ்பெண்டே வேண்டாம் என்று வைத்தேன். ஐந்து நிமிடத்தில் திரை மட்டும் அணையும், தொட்டால் உடனே வரும். மீட்டர் போட்டுப் பார்த்ததில் திரை அணைந்த நிலையில் 14 வாட், எரியும்போது 35 வாட் சுற்றி. இரவில் எல்லோரும் படுத்த பிறகு தானாக சஸ்பெண்ட் ஆகி, காலையில் மதர்போர்டின் கடிகாரமே எழுப்பிவிடும்படி ஒரு சிறிய கட்டளையை அமைத்திருக்கிறேன். புதிய பேட்டரியால் அந்தக் கடிகாரம் இப்போது நம்பகமாக ஓடுகிறது.

கணக்குகள் இப்படி: 'வீடு' என்று ஒரு பொதுக் கணக்கு. கடவுச்சொல் கேட்காமல் திறக்கும், ஆனால் நிர்வாக உரிமை கிடையாது. அதில் உலாவி எந்தக் கடவுச்சொல்லையும் சேமிக்காது, மூடியதும் உள்நுழைவுகள் அழிந்துவிடும். மின்னஞ்சல், வங்கி வேலை எல்லாம் அவரவர் தனிக் கணக்கில், கடவுச்சொல்லோடு. பொதுக் கணக்கில் ஒருவரின் மின்னஞ்சல் திறந்தே கிடப்பது எப்படித் தொடங்கினாலும் மனக்கசப்பில்தான் முடியும். பிள்ளைகளுக்காக ரவுட்டரில் டிஎன்எஸ் (தளப் பெயரைக் கொண்டு அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியாக 1.1.1.3 கொடுத்திருக்கிறேன், கிளவுட்ஃப்ளேர் நடத்தும் இந்தச் சேவை தீநிரல் தளங்களையும் வயதுவந்தோர் தளங்களையும் தடுக்கும். உலாவி தனக்கென்று வேறு டிஎன்எஸ் வைத்துக்கொண்டால் இது பலிக்காது, அதையும் அணைக்க வேண்டும். ஆனால் திரை கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருப்பதுதான் எந்த வடிகட்டியையும்விடப் பெரிய காவல் என்று நினைக்கிறேன். கேமராவுக்கு நகர்த்தி மூடும் சிறு மூடி ஒட்டியிருக்கிறேன். கூடத்தில் வந்து போகிறவர்களுக்கும் அது ஒரு மரியாதை.

எங்கே, எந்த உயரத்தில்

செங்குத்தாக நிற்கும் திரையில் கையை நீட்டித் தொட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் தோள் வலிக்கும். திரை தாழ்ந்தும் பின்னால் சாய்ந்தும் இருந்தால் முழங்கை மேசையில் ஊன்றி நிற்கும், வலி இல்லை. 2016-இல் வந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோவின் திரை 20 டிகிரி வரை படுக்கும்படி செய்யப்பட்டதும் இதனால்தான். என் கணினியின் ஸ்டாண்ட் அவ்வளவு படுக்காது. அதனால் மேசையை மாற்றினேன்: சாப்பாட்டு மேசையைவிடத் தாழ்ந்த மேசை, திரையின் கீழ்விளிம்பு மேசைப் பரப்பை ஒட்டி, ஸ்டாண்ட் அனுமதிக்கும் கடைசி அளவுக்குச் சாய்வு. சின்னவளுக்கு உட்கார்ந்தபடியே எட்டுகிறது, பெரியவர்கள் நின்றபடி தொட்டுவிட்டுப் போகலாம். தொடும்போது பின்னால் நகராமலிருக்க ஸ்டாண்டின் அடியில் புதிய ரப்பர் பாதங்கள் ஒட்டினேன். பழையவை காய்ந்து வழுக்கின.

சுவரில் மாட்டலாமா என்றும் பார்த்தேன். பின்னால் சுவர்ச் சட்டம் மாட்டுவதற்கான 100 × 100 மில்லிமீட்டர் வெசா துளைகள் இருக்கின்றன, ஆக முடியும். ஆனால் சுவரில் மாட்டினால் மறுபடி செங்குத்துத் திரைதான், அதனால் விட்டுவிட்டேன். வீடியோ அழைப்புக்கும் படம் காட்டவும் மட்டும் என்றால் சுவர் நல்ல இடம்.

வயர்லெஸ் விசைப்பலகையும் மவுஸும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. நீளமாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால் அவை வேண்டும். தமிழ்99 விசை வரிசையையும் சேர்த்துவிட்டேன். துடைப்பதற்கு, திரையை அணைத்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும். திரையில் நேரடியாகத் தெளிக்கக் கூடாது, விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி டச் போர்டைத்தான் முதலில் பிடிக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் மேற்பூச்சைக் கெடுத்துவிடும்.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. இடது ஸ்பீக்கர் சத்தம் கூட்டினால் கரகரக்கிறது. கோன் கிழிந்திருக்கலாம், அடுத்த முறை திறக்கும்போது பார்க்க வேண்டும். கழற்றிய ஹார்டு டிஸ்க்கில் சொந்தக்காரரின் புகைப்படங்கள் இருக்கின்றன. அதை ஒரு யூஎஸ்பி பெட்டியில் போட்டு முழுவதையும் நகலெடுத்து அவரிடம் கொடுத்த பிறகுதான் டிஸ்க்கை அழிக்கப்போகிறேன்.